ஏழே முக்கால் பஸ்ஸின் மெக்சிகோக்காரர்

மன்னார்குடியிலிருந்து காலை ஏழே முக்காலுக்குத் திருவாரூர் புறப்படும் செண்பகவல்லி பஸ்ஸை ரெத்தினம் ஓட்டத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பாதையில் ஓடும் தனியார் பஸ்கள் எல்லாம் ஒரே சாலையில், ஒரே வேகத்தில்தான் போகின்றன. ஆகவே சனங்கள் பாட்டைக் கேட்டுத்தான் பஸ்ஸைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு பஸ்ஸில் எண்பதுகளின் பாட்டு, ஒன்றில் கானா, ஒன்றில் காலையிலிருந்து மாலைவரை அம்மன் பாட்டு. செண்பகவல்லியில் மட்டும் சிரிலோ பெரால்தா.

சிரிலோ பெரால்தா யாரென்று மன்னார்குடியில் யாருக்கும் தெரியாது. மெக்சிகோவில்கூட எத்தனை பேருக்குத் தெரியுமோ, ரெத்தினத்துக்கு அதுவும் தெரியாது. அவன் கையில் வந்து சேர்ந்தது ஒரே ஒரு சிடி.

ரெத்தினத்தின் அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிரிட்டவர். இரண்டு அக்காக்களுக்குப் பிறகு பிறந்த இவனுக்கு வயலைவிட வயலுக்குப் பக்கத்தில் போகும் லாரிமேல்தான் கண். இருபத்திரண்டு வயதில் ஹெவி லைசென்ஸ் எடுத்தான். சில வருடம் நெல் லாரி ஓட்டினான். பிறகு ஏழு வருடம் கத்தாரில் பஸ். அங்கே சாலை வளைவே இல்லாமல் நீண்டு கிடக்கும். ஸ்டீயரிங்கைச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஒரு டிரைவர் எதற்கு என்று அவனுக்கு அடிக்கடி தோன்றும்.

அங்கே உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, ரசிகர்களை மைதானத்துக்கு ஏற்றிப்போய் இறக்கும் பஸ்களில் ஒன்றை அவன் ஓட்டினான். மெக்சிகோ அணி கடைசி ஆட்டத்தில் ஜெயித்தும் போட்டியைவிட்டு வெளியேறிய அன்று, பெரிய தொப்பி வைத்த ஒரு பெருத்த மனிதர் எல்லோரும் இறங்கிய பிறகும் கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஜெயித்தவர் ஏன் அழுகிறார் என்று ரெத்தினத்துக்குப் புரியவில்லை. தன் பிளாஸ்கிலிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தான். அவர் குடித்துவிட்டு, நெஞ்சில் கைவைத்து என்னவோ சொன்னார். பையைத் துழாவி ஒரு சிடியை எடுத்து இவன் கையில் வைத்து, "சிரிலோ, சிரிலோ" என்று அட்டையிலிருந்த மீசைக்காரரைத் தொட்டுக் காட்டினார். பிறகு போனில் இரண்டு சொல்லைத் தட்டி மொழிபெயர்த்துக் காட்டினார். 'காதல். தனியாக.'

அதற்குமேல் ரெத்தினத்துக்கு ஒரு விவரமும் கிடையாது.

கல்யாணமாகாமலே ஊர் திரும்பி, பெரிய அக்கா வீட்டில் தங்கி, செண்பகவல்லியில் சேர்ந்தபோது, மன்னார்குடியில் ஒரு கடையில் அந்தச் சிடியைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து ஒரு காலையில் போட்டான். கண்டக்டர் தௌபீக் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். தௌபீக் கூத்தாநல்லூர்க்காரன், ரெத்தினத்தைவிட நாலைந்து வயது பெரியவன், வாய்க்குப் பூட்டுப் போடாதவன்.

"என்னய்யா இது, ரேடியோ எதுவும் கெட்டுப்போச்சா?"

"மெக்சிகோ பாட்டு. ஒரு ரவுண்டு போவட்டும்."

முதல் பாட்டு ஒற்றை கிதாரோடு மெதுவாகத் தொடங்கியது. இரண்டாவதில் டிரம்பெட் முழங்கியபோது, "சப்பரத்துக்கு பேண்ட் செட் வர்ற மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். மூன்றாவதில் அக்கார்டியன் குலுங்கிக் குலுங்கி வாசித்தது. அதற்குக் கடைசி சீட்டில் தாளம் போட்டார்கள். அடுத்தது ஊஞ்சல் ஆடுவதுபோல மூன்று மூன்று அடியாகப் போனது. அதற்கும் அடுத்ததில் மின்சார கிதார் அலறியது.

"பாடுறது ஒரே ஆளா, பத்து ஆளா?" என்று கேட்டாள் அகிலாண்டம். திருவாரூர் மார்க்கெட்டில் கீரை விற்கிறவள். கீரைக்கூடையை இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அதன் மேலேயே கையை ஊன்றி உட்காருவாள்.

"ஒரே ஆளுதான்கா."

"அப்ப ஏன் பாட்டுக்குப் பாட்டு வேற வீடு கட்டுறான்?"

ரெத்தினத்துக்கு அதுதான் பிடித்திருந்தது. வளைந்து வளைந்து போகும் நம்மூர்ச் சாலைக்கு அப்படி ஒரு பாட்டுதான் சரி என்று நினைத்தான்.

ஒரு வாரம் போயிருக்கும். ஆற்றுப்பாலம் நிறுத்தத்தில் தினமும் ஏறுகிற பூர்ணிமா முதல்முறையாக அவனிடம் பேசினாள். திருவாரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் எட்டு மாதத்தில் முறிந்து, அம்மாவோடு இருக்கிறாள் என்று தௌபீக் விசாரிக்காமலே சொல்லியிருந்தான். பஸ் கூத்தாநல்லூரில் ஐந்து நிமிடம் நிற்கும். தௌபீக் டீ குடிக்க இறங்கியிருந்தான்.

"ஏங்க," என்றாள் அவள், முன்சீட்டிலிருந்து. "இந்தப் பாட்டுல என்னதான் சொல்றாரு?"

ரெத்தினம் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். காதல் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரிந்த இரண்டு சொல்லில் அதுவும் ஒன்று. ஆனால் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து, அதுவும் கூத்தாநல்லூர் பஸ் ஸ்டாண்டில், காலை எட்டே காலுக்கு அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது?

"மாடு காணாமப் போச்சுங்கிறாருங்க," என்றான்.

"மாடா?"

"ஆமாங்க. செவலைப் பசு. கயித்த அவுத்துக்கிட்டுப் போயிடுச்சு. ஊர் ஊரா தேடுறாரு."

பூர்ணிமா அந்தப் பாட்டைத் திரும்பவும் போடச் சொன்னாள். கிதார் இழைந்தது, சிரிலோ குரல் உடைந்து இழுத்தார். "பாவம்," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை ரெத்தினம் பார்த்தான். பொய் சொன்னோமே என்று உறுத்தியது. அதைவிட அதிகமாக, நாளைக்கு எந்தப் பாட்டைக் கேட்பாள் என்று யோசனை ஓடியது.

மறுநாள் டிரம்பெட் பாட்டு. அது தங்கச்சி கல்யாணத்தில் பந்தியில் இடம் கிடைக்காத அண்ணன் கோபித்துக்கொண்டு கிளம்பியது. அக்கார்டியன் பாட்டு, மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேராத சங்கதி. மெக்சிகோவிலும் மேட்டூர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சொல்லச் சொல்ல ரெத்தினத்துக்கு நாக்கில் ருசி ஏறிவிட்டது. கூத்தாநல்லூரில் பஸ் நின்றதும் பின்சீட்டிலிருந்து நாலு பேர் முன்னால் வந்து நிற்கும் அளவுக்குக் கதை பரவியது. அகிலாண்டம், "அந்த அண்ணங்காரன் சாப்பிட்டானா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல" என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டாள்.

தௌபீக்குக்கு வேறு கணக்கு. ஒருநாள் பஸ்ஸைக் கழுவும்போது சொன்னான்: "எல்லாப் பொம்பளைங்களும் உன்ன டிரைவர் அண்ணேங்குது. அந்த அம்மா மட்டும் ஏங்கங்குது. கவனிச்சியா?"

"சும்மா இரு தௌபீக்."

"நான் சும்மாதான் இருக்கேன். நீதான் ஆத்துப்பாலத்துல ஆள் இல்லாட்டியும் பஸ்ஸ நிறுத்துற."

ஏழாவது பாட்டில் வாத்தியம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வரும். கிதார் தொடங்கும், அக்கார்டியன் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் டிரம்பெட் வந்து மூன்றும் ஒன்றை ஒன்று சீண்டிக்கொள்ளும். ரெத்தினத்துக்கு அதிகம் பிடித்த பாட்டு அது. அதற்கு மட்டும் இரண்டு நாள் யோசித்து, மோட்டார் ரிப்பேராகிப்போன விவசாயி ஒருவர் மெக்கானிக் வீட்டுக்கு நடையாய் நடக்கும் கதையைத் தயார் செய்திருந்தான்.

அன்று கூத்தாநல்லூரில் உபைதுல்லா ஏறினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் மருத்துவ ரிப்போர்ட் அடங்கிய பை. பனாமாவில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஏறினவர் பாட்டைக் கேட்டதும் உட்காராமல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். முகம் மெல்ல மலர்ந்தது. உதடு சேர்ந்து முணுமுணுத்தது.

ரெத்தினம் அதைக் கவனிக்கவில்லை. "மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சுங்க. மெக்கானிக் வீட்டு வாசல்ல தினமும் போய் நிக்கிறாரு. அவன் நாளைக்கு வான்னு சொல்றான்," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

உபைதுல்லா சிரித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு வயிறு குலுங்க.

"தம்பி, யாரு உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

பஸ் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. தௌபீக் டீக் கிளாஸோடு படியில் நின்றான். "ஹாஜியார் பனாமால இருந்தவங்க. அங்கயும் இதே ஸ்பானிஷ் பாஷைதான்," என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

"மொத பாட்டுல மாடு கெடைச்சுதுங்களா?" என்று உடனே கேட்டாள் அகிலாண்டம்.

முதல் பாட்டைப் போடச் சொல்லி அவர் கேட்டார். "மாடெல்லாம் இல்லம்மா. பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேக்குறாரு." இரண்டாவது, குடித்துவிட்டுத் தன்னை ராஜா என்று சொல்லிக்கொள்ளும் ஒருத்தரின் பாட்டாம். மூன்றாவதைச் சற்றுக் கேட்டுவிட்டு, "இது வேணாம். தாய்மாருங்க இருக்கீங்க," என்றார். பின்சீட்டில் ஒரே சிரிப்பு.

ரெத்தினத்துக்குக் காது சூடாகிவிட்டது. ஓடி ஒளியலாம் என்றால், பஸ்ஸை அவன்தான் ஓட்ட வேண்டும். டாஷ்போர்டிலிருந்த சிடி அட்டையை எடுத்து, என்னவாவது ஆகட்டும் என்று அவரிடம் நீட்டினான். "இதுல எழுதியிருக்கிறதயும் படிச்சிடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் படித்தார். "பதினெட்டு வருசம் ரெண்டு அண்ணன்மாரோட சேர்ந்து பாடினேன். மூணு பேருக்கும் ஒரே கோட்டு, ஒரே ராகம். இப்ப நான் தனியா வந்துட்டேன். அம்மா சமைக்கும்போது கேட்ட பாட்டு, கடற்கரைல ஆடுன பாட்டு, ஊர்வலத்து பேண்டு, எளவட்டத்துல கேட்ட கிதாரு, எனக்குப் புடிச்ச எல்லாத்தயும் இதுல போட்டிருக்கேன். அண்ணன்மாரு கோவிச்சுக்க வேணாம்."

"அதான் பாட்டுக்குப் பாட்டு வேற வீடு," என்றாள் அகிலாண்டம், தனக்குத் தெரிந்த சங்கதிபோல.

"அந்த ஏழாவது?" யாரோ ஒருவர் விடவில்லை. "மெக்கானிக்காவது இருக்காரா?"

உபைதுல்லா ரெத்தினத்தைப் பார்த்தார். பாட்டை மறுபடி கொஞ்சம் கேட்டார். "ஒருத்தர் ஒரு வீட்டு வழியா தினமும் போறாரு. அந்த வீட்ல இருக்குற பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லணும். என்னென்னமோ பேசுறாரு. மழை வருதுங்கிறாரு, நாய் கொலைக்குதுங்கிறாரு. சொல்ல வேண்டியத மட்டும் சொல்லாம வீட்டத் தாண்டிப் போயிடுறாரு. அவ்வளவுதான் பாட்டு."

பஸ்ஸில் எல்லோரும், ஒருவர் மீதம் இல்லாமல், முன்சீட்டைப் பார்த்தார்கள். பூர்ணிமா ஜன்னலுக்கு வெளியே பூட்டியிருந்த ஒரு செருப்புக்கடையை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தௌபீக் தேவையே இல்லாமல் இரண்டு விசில் கொடுத்தான்.

திருவாரூரில் அவள் முதல் ஆளாக இறங்கிப் போனாள். மறுநாள் ஆற்றுப்பாலத்தில் அவள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ரெத்தினம் பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பக்திப் பாட்டை ஓடவிட்டான். சனங்கள் முணுமுணுத்தார்கள். "பொய்யா இருந்தா என்ன, மாட்டுக்கதையையாவது முடிச்சிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் பெயர் பஸ்ஸெல்லாம் அடிபடும்படி செய்துவிட்டோமே என்பதுதான் அவனைத் தின்றது.

நான்காம் நாள் ஆற்றுப்பாலத்தில் அவள் நின்றாள். கையில் எப்போதும்போல சாப்பாட்டுப் பை. ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தாள். கூத்தாநல்லூரில் பஸ் நின்றதும் ரெத்தினம் திரும்பி உட்கார்ந்தான்.

"மூணு நாளா..." என்று ஆரம்பித்தான்.

"முத்துப்பேட்டைல கேம்ப். அங்க அனுப்பிட்டாங்க," என்றாள். "பாட்டு எங்க?"

"இனிமே போடலைங்க. பொய் சொல்லிட்டேன். உங்கள எல்லாரும் ஒரு மாதிரி பாக்குற மாதிரி பண்ணிட்டேன். மன்னிச்சுடுங்க."

"பொய் சொன்னது நீங்க. சிரிலோ என்ன பண்ணாரு?"

அவன் சட்டைப்பையிலிருந்த பென்டிரைவைத் தொட்டுப் பார்த்தான்.

"எங்கம்மா மூணு வாரமா அந்த மாட்டக் கேட்டுக்கிட்டு இருக்கு," என்றாள் பூர்ணிமா. "தெனமும் நான் வீட்டுக்குப் போனதும் மொத கேள்வி அதான். மாடு இல்லைன்னு நான் போய்ச் சொல்லமாட்டேன். சொன்னவங்களே வந்து சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை நான் வீட்லதான் இருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க அக்காவயும் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள்.

கேட்ட சொல் மண்டைக்குள் இறங்க ரெத்தினத்துக்கு நேரம் பிடித்தது. அகிலாண்டத்துக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. கூடையிலிருந்த முருங்கைக் கீரையில் ஒரு கட்டு எடுத்து அவன் மடியில் போட்டு, "வெறுங்கையோட போவாத," என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஞாயிறன்று பெரிய அக்காவோடும், கூப்பிடாமலே வந்த தௌபீக்கோடும் போனான். பூர்ணிமாவின் அம்மா ராசம்மாள் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மாடு என்று ஒன்று கிடையாது, எல்லாம் தன் வாய்க்கு வந்த கதை என்று ரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ராசம்மாள் ஆறிக்கொண்டிருந்த காபியை அவன் பக்கம் நகர்த்தினார்.

"இவ மொத வீட்டுக்காரன் ஒரு பொய்யும் சொன்னதில்ல," என்றார். "எட்டு மாசத்துல இவகிட்ட பத்து வார்த்தை பேசியிருப்பான். அதுல பொய் எங்க சொல்றது?" பிறகு ரெத்தினத்தின் அக்காவைப் பார்த்து, "உங்க தம்பி பேசுவாருல்ல?" என்று கேட்டார்.

"இப்ப ஒரு மாசமா நிறுத்தலீங்க," என்றான் தௌபீக்.

தை மாதம் மன்னார்குடியில், கோயிலில் தாலி கட்டி, பக்கத்து ஓட்டலில் சாப்பாடு வைத்தார்கள். ஏழே முக்கால் பஸ்ஸின் ஆட்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். உபைதுல்லா இரண்டு பேருக்கும் அந்தப் பாஷையிலேயே வாழ்த்துச் சொன்னார். என்ன சொன்னார் என்று யாரும் ரெத்தினத்திடம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் திருவாரூர்க் கோயிலுக்குப் போகப் புதுத் தம்பதி செண்பகவல்லியிலேயே ஏறினார்கள். லீவுக்கு வந்த மாற்று டிரைவர் வண்டியை எடுத்தான். தன் பஸ்ஸில் ரெத்தினம் பயணியாக உட்காருவது அன்றுதான் முதல்முறை. கமலாபுரம் தாண்டி ஒரு வளைவில் நெல் அறுக்கும் இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. ரெத்தினத்தின் வலதுகால் தானாக பிரேக்கைத் தேடி நீண்டு ஓங்கி மிதித்தது.

"ஏங்க," என்றாள் பூர்ணிமா. "அது என் காலு."