மோகனா வாங்கிய லோடர்

இரவில் வண்டிக்கடியில் விரித்துவைத்த அட்டையை இழுத்துப் பார்த்த பிறகுதான் மோகனாவுக்குக் காப்பி இறங்கும். புதிதாக ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்தாலும் போதும், ஈரத்தரையில் மண்டியிட்டு மேலே எட்டிப் பார்ப்பாள். "எங்கடி ஒழுகுது, சொல்லு," என்பாள் வண்டியிடம்.

வண்டி ஒரு பழைய லோடர். முன்னால் அகன்ற வாளி, அதைத் தூக்க இரண்டு இரும்புக் கைகள், நடுவே கம்பிக் கூண்டில் ஓர் ஆளுக்கு இடம். சக்கரங்கள் திரும்பாது, ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால் நின்ற இடத்திலேயே சுழலும். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களில் கோழி எருவும் சேறும் அள்ளுவதுதான் அதற்கும் அவளுக்கும் பிழைப்பு. குடியிருப்பது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். கணவன் காளியண்ணனுக்கு அங்கே ஆலையில் வேலை.

ஒரு பூத்தோட்டத்தில் பிறர் வண்டியை ஓட்டிச் சலித்துப்போய்த்தான் ஈப்போ நகரில் இதைப் பார்க்கப் போனாள். போனதும் எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் மலாயில் சொன்னதை இன்றும் தமிழில் நடித்துக் காட்டுவாள்: "சூடா இருக்கே தவுக்கே! எனக்கு முன்னாடியே யாரு எழுப்பிவிட்டது? நாளைக்கு வரேன் லா. யாரும் தொடக்கூடாது."

மறுநாள், குளிர்ந்திருந்த எஞ்சின் இருமி வெண்புகை கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வாளியை உயர்த்தி நிறுத்தி, இரும்புக் கைகள் தானாக இறங்குகின்றனவா என்று காத்திருந்தாள். இறங்கவில்லை. மூட்டுகளை ஆட்டிப் பார்த்தாள். டயர்கள் வழுக்கை, மூட்டுகளில் ஆட்டம். "எஞ்சின் நல்ல மனுசி. மூட்டுவலிதான். அத நான் பாத்துக்குவேன்" என்று வாங்கிவிட்டாள். இன்றுவரை வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு மூட்டுக்கும் கிரீஸ் அடிக்காமல் சாவியைத் தொடமாட்டாள்.

லோரியில் வண்டி வந்து இறங்கியபோதுதான் காளியண்ணனுக்கு விஷயமே தெரியும். "என்னைய ஒரு வார்த்த கேட்டியா?" என்றான். அதோடு சரி. மிளகாய்த்தூள் தீர்ந்துபோனதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னான். "பேசாட்டி போங்க. எனக்குப் பேச வண்டி இருக்கு," என்று அவளும் வீறாப்பாக இருந்தாள். ஆனால் ஆலையில் சங்கு ஊதினால் கண் மட்டும் வாசலுக்குப் போய்விடும்.

அப்படிப் பேச்சு நின்றிருந்த போன மழைக்காலத்தில் ஒரு காலை, மேட்டு மண் சரிந்து தோட்டத்துச் சாலையை மூடிவிட்டது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு வந்த மகன் வசந்தன் சேற்றின் முன்னால் தவித்து நின்றான். "அக்கா, அம்மாவுக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரியில கிட்னி கழுவணும். போன தடவையே மழையில விட்டாச்சு."

மோகனா சரிவை நெடுநேரம் பார்த்தாள். மேலே மண் அசையவில்லை. கூண்டுக்குள் ஏறினாள்.

பாதி அள்ளுவதற்குள் வண்டியின் கைகளைத் தூக்கும் குழாய் வெடித்து எண்ணெய் பீய்ச்சியடித்தது. வாளி தடாலென்று விழுந்தது. வசந்தன் தலையில் கை வைத்துவிட்டான். மோகனா இறங்கி, கிழிந்த குழாயைக் கழற்றி, திறப்புகளை அடைத்து, வண்டியின் பின்பக்கம் போய்க் கேனிலிருந்த எண்ணெயை ஊற்றி நிரப்பினாள். "தூக்கத்தானே முடியாது? தள்ளலாம்ல!"

வாளியைத் தரையோடு வைத்துச் சேற்றைப் பள்ளத்துப் பக்கம் தள்ளத் தொடங்கினாள். வழுக்கை டயர்கள் சேறு இழுத்த இழுப்புக்குப் போயின. கூண்டுக்குள்ளிருந்து சாலையின் விளிம்பு தெரியவில்லை.

"வலது சக்கரம் ஓரத்துக்குப் போவுது! நிறுத்து, நிறுத்து மோகனா!"

காளியண்ணன். ஆலையிலிருந்து ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. விளிம்பருகே முழங்கால் சேற்றில் நின்று இரு கைகளையும் வீசிக் காட்டினான். "பின்னால போ... ம்ம், இப்ப வா... வா... போதும்!" அவன் சொன்ன இடத்தில் அவள் நிறுத்தினாள். வா என்றபோது வந்தாள்.

ஒரு வேன் அகலத்துக்கு வழி பிறந்தது. வசந்தன் ஊர்ந்து கடந்தான். சன்னலில் தங்கம்மாவின் கை அசைந்து, வளைவில் மறைந்தது.

மோகனா வண்டியின் படியில் உட்கார்ந்தாள். முழங்கைவரை கறுப்பு எண்ணெய். காளியண்ணன் மழைச்சட்டைக்குள்ளிருந்து நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். அவள் கையை நீட்டி, அழுக்கைப் பார்த்து மடக்கிக்கொண்டாள். கூடியிருந்த லயத்து ஆட்களை அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு மழைநீரில் தன் கையைக் கழுவி, ஒரு பிடி சோற்றை உருட்டி அவள் வாயருகே நீட்டினான்.