குத்துப்பட்டவர்

டோல்கேட்டில் நான் வைத்திருந்த சிடி கடைக்கு இரண்டு லாரி டிரைவர்கள் ஞாயிறுதோறும் வந்து, சின்ன வயதில் டிவியில் பார்த்த துப்பறியும் தொடரைப் போடச் சொல்வார்கள். ஒடிந்த மூக்குக்காரர் கொலைக் காட்சியில் தவறாமல் சிரிப்பார். “இப்டியெல்லாம் கத்தமாட்டான் நைனா. கொடலக் கைல புடிச்சிகினு சொம்மா பாத்துகினு நிப்பான்.” நண்பர் அதற்குள் டீ வாங்க எழுந்து போயிருப்பார்.

ஒருநாள் மூக்குக்காரர் மட்டும் தனியாக வந்தார்.

“இன்னாண்ணா, நேர்ல பாத்தமாதிரி சொல்றியே?” என்றேன்.

சட்டையைத் தூக்கினார். வயிற்றின் குறுக்கே தையல் தழும்பு பூரான்போல் கிடந்தது.

“எவன் குத்துனது?”

“எங்கூட குந்திகினு பாப்பானே, அவன்தான். போலீசாண்ட ஆளே தெரியாதுன்னுட்டேன். அவன் ஜெயிலுக்குப் பூட்டா, இத்த எங்கூட எவன் பாப்பான்?”

அடுத்த ஞாயிறு கொலைக் காட்சியில் நண்பர் எழுந்தார். “குந்து மாமு” என்று மூக்குக்காரர் அவரது மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். அது பாசமா தண்டனையா என்று இன்றுவரை என்னால் துப்பறிய முடியவில்லை.