பெயர் மாறிய கேடயம்

சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், கேடயங்களில் பெயர் வெட்டுகிறவர் அவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது எப்போதும் கறுப்பு நூலில் தொங்கும். விருதுப் பட்டங்களை முன்பே தகட்டில் வெட்டி அடுக்கிவிடுவார். பெயரை மட்டும் விழா நாள் காலையில்தான். "லாஸ்ட் நிமிஷத்துல ஆளை மாத்துவீங்க சார், எனக்குத் தெரியாதா?" என்று சிரிப்பார்.

ஒரே ஒருமுறை அந்த வழக்கத்தை மீறினார். கொரோனாவில் யாரும் தொடாத உடல்களை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ்காரப் பெண்ணுக்கு எங்கள் சங்கம் 'சேவைச் செம்மல்' பட்டம் தருகிறது என்று நான் சொன்னதும், அங்கேயே உட்கார்ந்து அந்தப் பெண்ணின் பெயரை வெட்டினார்.

விழாவன்று காலை நான் வேறொரு பெயரை நீட்டினேன். மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தவரின் பெயர்.

"எங்க அண்ணனைத் தூக்கினது அந்தம்மா சார். நாங்க சுடுகாட்டு கேட்டுக்கு வெளியவே நின்னோம்."

"கமிட்டி முடிவுண்ணே. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"கமிட்டியில நீங்களும் இருக்கீங்கல்ல?"

நான் பெயர்ச் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் புதுத் தகட்டை ஒட்டிக் கொடுத்தார். பழையதைத் துடைத்து, கடையின் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

அன்று மாலை மண்டபக்காரர் தலையில் மைசூர் தலைப்பாகை ஏறியபோது, முதலில் கைதட்டியவன் நான். அந்தத் தெருவில் இப்போதும் நடக்கிறேன், எதிர்ச் சாரியில்.