டிராகன் தம்பிரான் முன்னால் ஒரு சத்தியம்

இந்த ஞாயிறு எங்கள் வீட்டு மேசையில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் அரியாலை வீட்டில் ஒரு விளையாட்டு நடக்கும். ஆளுக்கொரு பாத்திரம் — வீரன், பூசகர், திருடன் (திருடன் அடியேன்). கதையை நடத்துபவன் ரூபன், கம்ப்யூட்டர் திருத்துபவன். ஆபத்து வந்தால் இருபது முகமுள்ள தாயக்கட்டையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் தப்பினோம். ஒன்று விழுந்தால்... கதை கந்தல்! நரைத்த தலைகளுக்கு இது தேவையா? என் மனைவியும் இதைத்தான் கேட்கிறாள்.

குகனுக்கும் தேவனுக்கும் தேவை. இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அடுத்தடுத்த வீடு, நடுவில் உயிர்க்கம்புகளை நட்டு அடைத்த கதியால் வேலி. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் குகன் கதியாலைத் தேவனின் காணிக்குள் தள்ளி நடுகிறான் என்பது தேவனின் குற்றச்சாட்டு. இல்லவே இல்லை என்பான் குகன். வருடக்கணக்காகக் கதை பேச்சில்லை. தேவனின் தாய் இறந்தபோதுகூடக் குகன் அந்த வீட்டு வாசற்படலையைத் தாண்டவில்லை.

என் மேசையில் மட்டும் பேசுவார்கள். அதுவும் பாத்திரங்களாக! "பூசகரே, வழிவிடும்" என்பான் குகன். "வீரரே, கவனம்" என்பான் தேவன். சுத்தச் செந்தமிழ். ஆட்டம் முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை எடுப்பார்கள். இந்த மேசையும் இல்லையென்றால் அந்த உறவு அவ்வளவுதான். அதற்காகத்தான் மனைவியின் முறைப்பைத் தாங்குகிறேன்.

போன ஞாயிறு ரூபன் ஒரு புதுத் தெய்வத்தைக் கொண்டு வந்தான். சட்டத்துக்கும் மானத்துக்கும் அதிபதியான டிராகன். சாண் உயர வெள்ளிநிறப் பிளாஸ்டிக் பொம்மை. விளையாட்டுப் புத்தகத்தில் இருந்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நாகதம்பிரானைக் கும்பிடுகிற ஊரல்லவா... டிராகன் தம்பிரான் என்று வைத்துவிட்டோம்.

"நெருப்புக் கக்குமோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாத்துக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான்."

நெருப்பே பரவாயில்லை என்று தோன்றியது.

தெய்வத்தின் கோயிலுக்குள் நுழைய வீரன் சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் சத்தியம் என்றால் கற்பூரத்தை அடித்து அணைக்க வேண்டாமா? ரூபன் ஒரு சோசரில் கற்பூரத்தைக் கொளுத்தினான். "உதோடை விளையாடாதேங்கோ!" என்று குசினியிலிருந்து என் மனைவி கத்தினாள். யார் கேட்டது?

"வீரனே, பிறர் எல்லையை நீ மீறியதுண்டா?" என்று டிராகனின் குரலில் கேட்டான் ரூபன்.

தேவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மீறியதில்லை" என்று கற்பூரத்தில் கையை அடித்தான் குகன். அணையவில்லை. மறுபடி அடித்தான். அணைந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது; புகை மட்டும் நேராக மேலே போகிறது. வெளியே உச்சி வெயில், ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

ரூபன் நீட்டிய புதுக் கட்டையை உருட்டினான். ஒன்று. மறுபடி... ஒன்று. இன்னொருதரம்... ஒன்று!

பொம்மையை ரூபன் என் பக்கம் பார்க்க வைத்ததாகத்தான் ஞாபகம். இப்போது அது குகனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஏலாது அண்ணை" என்று எழுந்தான் குகன். செருப்பையும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் செருப்பைக் கொடுக்கப் போனேன். குகன் அலவாங்கும் கையுமாக வேலியடியில் கதியாலைக் கிண்டிக்கொண்டு நின்றான். "நான்தான் தள்ளி நட்டனான் அண்ணை. எத்தனை வருசமா நித்திரை இல்லை தெரியுமோ?" அந்த நேரம் பார்த்துத் தேவனும் வந்துவிட்டான். இன்றைக்குக் கொலைதான் என்று நினைத்தேன்.

தேவன் குகனின் கையிலிருந்த அலவாங்கில் தானும் கை வைத்தான். பிறகு, "கிணத்தடிப் பக்கம் தள்ளினது நான்" என்றான்.

ஒரே அலவாங்கை மாறி மாறிப் பிடித்து இருவரும் வேலியைத் திருத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று பின்னேரம் ரூபன் வந்து காதுக்குள் சொன்னான்: "அண்ணை, அந்தக் கட்டைக்குள்ளை ஒரு பக்கம் ஈயம். ஆர் உருட்டினாலும் ஒண்டுதான் விழும். பகிடிக்கு வாங்கினது. சொல்லிப்போடாதேங்கோ."

சொல்வேனா? ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்தால் கதியால்கள் பழைய இடத்துக்கே போய்விடுமே!

இந்த ஞாயிறு குகன் தானாகவே கற்பூரத்தைக் கொளுத்தினான். "இப்ப நான் ஒருத்தரின்ரை எல்லையிலும் இல்லை" என்றான். செந்தமிழ் போயே போய்விட்டது. ஒரே அடியில் கற்பூரம் அணைந்தது. அதே கட்டையை எடுத்தான். ரூபன் என்னைப் பார்த்தான். நான் ரூபனைப் பார்த்தேன். ஒன்று விழுந்தால் எல்லாம் பாழ்...

இருபது.

தேவன் குகனின் முதுகில் ஓங்கித் தட்டினான். நான் ரூபனைப் படலையடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"கட்டையை மாத்தினியோ?"

"இல்லை அண்ணை... சத்தியமா" என்றவன் உடனே முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

கட்டையையும் தம்பிரானையும் ரூபன் திரும்ப எடுத்துப் போகவில்லை. எங்கள் வீட்டு அலுமாரியில்தான் இருக்கின்றன. நான் உருட்டினால் இப்போதும் ஒன்றுதான் விழுகிறது. ஈயம்தான் காரணம்... என்று நினைக்கிறேன்.

நம்பாதவர்கள் வந்து உருட்டிப் பார்க்கலாம் — வருமுன் உங்கள் வேலியை மட்டும் ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள்.