‘போதும்’ என்ற செய்தி வந்து சேரும் வரை

ஆஸ்பத்திரிக் கண் வாட்டிலிருந்து மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பப்பட்டேன். என் கையில் இல்லாத காகிதம் எதுவுமில்லை. கிளினிக் கொப்பி, இருதயப் பரிசோதனை, ஒப்பமிட்ட சம்மதப் படிவம், அதற்கு இரண்டு பிரதிகள். பிரதியை எவரும் கேட்கவில்லை. அரச அலுவலகத்தில் பிரதம எழுதுநராக இருந்து ஓய்வுபெற்றவன் பிரதி இல்லாமல் வீட்டுப்படி இறங்கமாட்டான், அவ்வளவுதான்.

தாதி விரலில் குத்திப் பார்த்தார். "ஐயா, சீனி கூட. இதோட கண்ணில கத்தி வைக்க ஏலாது. அடுத்த மாசம் வாங்க."

வலது கண் பால் ஊற்றியது போலாகிவிட்டது. இடது கண்ணும் அதே வழியில் போகிறது. பத்திரிகையில் தலைப்புகளை மட்டும் வாசிக்கிறேன். தலைப்புகளை மட்டும் வாசிப்பவர்களைப் பற்றி முன்பு நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

வரும் வழியில், கோபத்தில், ஏறாவூரில் இறங்கி, வழக்கமான கடையில் ஒரு கருப்பட்டி வட்டிலப்பம் சாப்பிட்டேன். அடுத்த பஸ்ஸில் வீடு வந்தேன்.

மத்தியானம் மனைவி இரண்டு அகப்பை சிவப்பரிசிச் சோறு, கீரைச் சுண்டல், வாவி இறால் நாலு வைத்தாள். முடித்துவிட்டு மறுசோற்றுக்குப் பீங்கானை நீட்டினேன்.

"அது வயிறா, உன்னிச்சைக் குளமா?" என்றாள்.

பசி என்றால் பசி. நடிப்பில்லை. அதை நிரூபிக்க ஆவணம் இருந்தது: ஓய்வூதியக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒருவர் அனுப்பிய கட்டுரை. வழக்கமாக அங்கே வருவது வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் வைத்தியம். இது மூளையைப் பற்றியது. பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியாததால் அவளையே வாசிக்கச் சொன்னேன்.

மூளையின் அடிப்பக்கத்தில் நீர் நிறைந்த ஓர் அறை. அதன் சுவரில் சில கலங்கள். நரம்புக்கலங்கள் அல்ல, கிளியா என்ற வகை. வெறும் பசை, தாங்குகட்டை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தவை. சாப்பிட்டதும் அந்த நீரில் குளுக்கோசு ஏறுகிறது. சுவரிலிருக்கும் கலங்கள் அதை உணர்ந்து, வேறொரு பொருளாக மாற்றி, நட்சத்திர வடிவமான இன்னொரு வகைக் கிளியாவிடம் கொடுக்கின்றன. அவைதான் நரம்புக்கலங்களுக்கு ‘போதும்’ என்று தெரிவிக்கின்றனவாம்.

"இதெல்லாம் எலியில பார்த்ததாம்," என்று ஒரு திருப்தியோடு சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு எலி தேவைப்படவில்லை. கடிதத்தைப் பிரித்து, வாசித்து, குறிப்பெழுதி மேலே அனுப்புவது கீழேயிருக்கும் எழுதுநர். ஒப்பமிட்டுப் பெயர் வாங்குவது அதிகாரி. இதை நான் வாழ்ந்தே பார்த்தவன்.

"பாத்தியா? பிழை என்ர வாயில இல்ல. உள்ளுக்க ஒருத்தன் கடிதத்தை மேசையில வெச்சிட்டு லீவில போயிட்டான்."

"அவன் ஒழுங்கா அனுப்பியிருப்பான். அது போய்ச் சேர முன்னமே நீங்க அடுத்த பீங்கானுக்கு நிக்கிறீங்க. எவ்வளவு நேரத்தில திண்டீங்க, தெரியுமா? ஏழு நிமிஷம்."

ஏழு நிமிடம் என் சட்டம். மத்தியானத்தில் கவுண்டர் மூடக்கூடாது என்பதற்காக வேலை பார்த்த காலமெல்லாம் மேசையிலேயே ஏழு நிமிடத்தில் சாப்பிட்டேன். அரை மணித்தியாலம் எடுத்தவர்களை ஏசினேன். அதற்காக ஒருவரும் நன்றி சொன்னதில்லை. இப்போது கண்ணும் போகிறது.

"அப்ப ஏறாவூர் வட்டிலப்பத்துக்கும் அந்தக் கலம்தானா பொறுப்பு?" என்றாள்.

"எந்த வட்டிலப்பம்?"

"சேட்டில ஒட்டியிருக்கே, அது. உங்களுக்கு எங்க தெரியப்போகுது."

குனிந்து பார்த்தேன். வெள்ளையாகத்தான் தெரிந்தது. எல்லாமே அப்படித்தான் தெரிகிறது.

அவள் சோற்றுச் சட்டியை மூடினாள். "இருபது நிமிஷம் இருங்க. பிறகும் பசிச்சா நானே போடுறன்."

"இப்ப பசிக்குது."

"கடிதம் மேல போயிருக்கு, ஐயா. பொறுங்க."

கவுண்டருக்கு அப்பால் நின்றவர்களிடம் நான் சொல்லிவந்த வாக்கியம். ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை. அதைக் கேட்டவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். வாங்குப் பலகையில் போய் இருக்க வேண்டும். இருந்தேன்.

"எவ்வளவு போயிட்டு?"

"அஞ்சு நிமிஷம்."

பத்து நிமிடமாவது ஆகியிருக்கும் என்றுதான் பட்டது. சுவர் மணிக்கூட்டின் முள் எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதை நம்ப வேண்டியிருந்தது.