எக்ஸ்ரே அக்காவும் எஃகுக் கூண்டும்

கண்களை மூடிக்கொண்டுதான் எக்ஸ்ரே அக்கா முதலில் கார் ஓட்டுவார். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், என் ஸ்கூட்டருக்கு அடுத்த கட்டத்தில், சாம்பல் நீலத்தில் அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். இரண்டே இருக்கை. காலை ஏழே காலுக்கு அதற்குள் குனிந்து நுழைந்து, சாவியைத் திருகாமலே ஸ்டியரிங் மேல் விரல்களை இடமும் வலமும் நகர்த்துவார். உதடுகள் எதையோ எண்ணும். பதினொன்று வந்ததும் கண் திறப்பார்.

"என்னக்கா, தியானமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தியானமாவது! ரேஸ் தடத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன், தம்பி. பதினோரு வளைவு. கடைசி வளைவுல கொஞ்சம் வெளிய விலகிப் போயிட்டேன், சே!"

வயது ஐம்பதை நெருங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்ச இழுங்க... அப்படியே பிடிங்க... விடுங்க" என்று நாளுக்கு அறுபது பேரிடம் சொல்லிச் சொல்லி, சாலை சிக்னலில் நிற்கும்போதும் தன்னை அறியாமல் அதையே முணுமுணுப்பார். யாரைப் பார்த்தாலும் முதலில் தோள்பட்டையைத்தான் கவனிப்பார். எனக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் தெரியும்.

பக்கத்து இருக்கை அவர் கணவருக்கு. பள்ளியில் கணக்கு வாத்தியார், நெட்டையான மனிதர். காலை மடக்கி உள்ளே வைக்கவே ஒரு நிமிஷம் ஆகும். தெருமுனை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். பள்ளி வாசல் வரை நாற்பது நிமிஷம். "அந்த நாப்பது நிமிஷந்தான் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோம். அதுலயும் ஒருத்தர் தூங்குறார்" என்று அக்கா சிரிப்பார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, பந்தயத் தடத்தைச் சாதாரண ஆட்களுக்குத் திறந்துவிடுவார்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அக்கா அங்கே போவார். அப்படிப் போன ஒரு ஞாயிறுதான் முன்னால் ஓடிய, தடத்தில் பழக்கமான பல் டாக்டர் ஒருவரின் கார் இரண்டு புரளல் புரண்டு தலைகீழாக நின்றது. அக்கா பிரேக்கை அழுத்தி இறங்கினார். புழுதி அடங்கியபோது டாக்டர் ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்து, தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். காருக்குள் கூரையை ஒட்டி அவர் பொருத்தியிருந்த எஃகுக் குழாய்க் கூண்டு நசுங்காமல் நின்றதால் பிழைத்தார்.

அன்றிலிருந்து அக்காவுக்குக் கூண்டு நினைப்புதான். மறு சனிக்கிழமையே வெல்டரைப் பார்க்கக் கிளம்பினார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன்.

கூண்டு கட்டுவதில் பேர்போன வெல்டர் அவர். காரைச் சுற்றி வந்தார். "ரோட்டுலயும் ஓட்டுவீங்களா?"

"தினமும்."

"ஹெல்மெட் போட்டா?"

"ஆஸ்பத்திரிக்கு யாராவது ஹெல்மெட் போட்டுக் கார் ஓட்டுவாங்களா?"

"போட்டா இது கூரைக்கு முட்டு. போடலைன்னா தலைக்குப் பக்கத்துல ஒரு சுத்தியல். சின்ன இடி போதும்." வெல்டர் மூலையிலிருந்து பிளாஸ்டிக் குழாய்களை எடுத்து, எஃகுக் கூண்டு வரும் அதே பருமனில், அதே வளைவில், கதவோரமும் கூரையோரமும் நாடாவால் கட்டினார். "ஒரு வாரம் இதோட ஓட்டுங்க. அப்புறம் பேசலாம்."

திங்களன்று வாத்தியார் ஏறும்போதே முட்டிக்கொண்டார். புதனுக்குள் பழகிவிட்டது. வியாழக்கிழமை, சந்திலிருந்து ஒரு நாய் குறுக்கே பாய, அக்கா பிரேக் போட்டார். தூங்கிக்கொண்டிருந்த வாத்தியாரின் தலை பக்கவாட்டில் 'ணங்'கென்று மோதியது.

அன்று மாலை கீழ்த்தளத்தில் பார்த்தபோது, அவர் காதுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு. அக்கா அதை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிளாஸ்டிக்குக்கே இப்படின்னா..." என்றார். நாள் முழுக்க மண்டையோட்டுப் படங்களைப் பார்ப்பவர்.

வாத்தியார் சொன்னார். "நீ கூண்டைப் போட்டுக்கம்மா. தடத்துல உன் உயிர் முக்கியம். நான் பஸ்ஸுல போயிக்கிறேன்."

"பஸ்ஸுலயா?"

"பஸ்ஸுலயும் தூக்கம் வரும்."

அக்கா சிரிக்கவில்லை. இரண்டு நாள் தண்ணீருக்கடியில் நடப்பவர் போல மெதுவாக வந்து போனார். லிஃப்ட்டில் தன் தளத்தைத் தாண்டி மாடிவரை போய்த் திரும்பினார். கூண்டு இல்லாமல் தடத்தில் இறங்கத் தைரியமில்லை. கூண்டோடு வாத்தியாரை உட்கார வைக்க மனமில்லை.

ஞாயிறு காலை கீழ்த்தளத்தில் நின்று பல் டாக்டருக்கு அக்கா போன் செய்ததை நானே கேட்டேன். "டாக்டர், உங்க வண்டி ரெடியாயிடுச்சுல்ல? நாலு ரவுண்டு நீங்க, நாலு ரவுண்டு நான். சரியா? என் வண்டி இனிமே தடத்துக்கு வராது." போனை வைத்ததும் தன் காரின் மேல் கையை வைத்தார். "அந்தப் பதினோரு வளைவுல இது எப்படிப் பாடும் தெரியுமா, தம்பி?" என்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து வந்தார்.

அக்கா காருக்குள் நாடாவை வெட்ட வெட்ட, நான் குழாய்களை வாங்கிச் சுவரோரம் சாய்த்தேன். கடைசிக் குழாயும் வந்த பிறகும் அக்கா இறங்கவில்லை. கணவரின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வெறும் கூரையில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, அது தாங்குமா என்று கேட்பது போல மெல்ல மேலே தள்ளினார்.