வலைப்பூவில் ஒட்டிய மிட்டாய்

சோரோங் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது என் கை நிறைய முள்ளங்கியும் உப்பும். தொக்சில் என்று பெயர் கொண்ட என் நாத்தனார் பெண் பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. அவளைக் கொடுத்தது ஜின்ஜு ஊரில் தாக் குடும்பத்துக்கு. அந்தக் குடும்பத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எல்லாருடைய பெயரிலும் ஒரே எழுத்து வந்தாக வேண்டும். அவள் புருஷன் பியோங்ஜு யாரிடமும் கேட்காமல் பதிவு அலுவலகத்தில் தனக்குப் பிடித்த, கண் மினுமினுப்பைக் குறிக்கிற அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். சாங்கில் என்கிற அவனுடைய அண்ணன் தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

"சோரோங்கா? அது ஒரு பேரா? கண்ணு மினுமினுன்னு இருக்குன்னா கண்ணுக்கு மை வெச்சு விடு! பேரா வெப்பாங்க? நாளைக்கு இவளுக்கு எவன்டா வேலை குடுப்பான்?"

"குடுப்பாங்கண்ணே," என்றான் பியோங்ஜு. அவ்வளவுதான் அவனுக்கு வாய்.

இருபத்தெட்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அண்ணன் சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது. பூகோளம் படித்த பெண். அறுபத்தொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். எங்கள் பக்கம் வேலை கேட்டால் தன்னைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும். எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள், "கண்டிப்பான தந்தைக்கும் கனிவான தாய்க்கும் மகளாகப் பிறந்தேன்" என்று. இவளும் அறுபத்தொரு தடவை அப்படியே எழுதினாள். பியோங்ஜுவா கண்டிப்பு? மீனில் முள் எடுக்கும்போதுகூட மீனிடம் மன்னிப்புக் கேட்கிறவன். தொக்சிலா கனிவு? சந்தையில் அவள் தலை தெரிந்தால் பூண்டுக்காரி கடையை மூடிவிடுவாள்.

அந்த வருஷம் சாங்கில் ஒரு கெடு வைத்தார். அறுவடைத் திருநாளான சூசோக்குக்குள் வேலை கிடைக்கவில்லை என்றால், மாசானில் தம் மருமகன் நடத்தும் விலாங்குமீன் சாப்பாட்டுக் கடைக்கு அவள் போய்விட வேண்டும். சோரோங்குக்கு விலாங்கைக் கண்டால் வயிற்றைப் பிரட்டும். தொட்டியில் அது நெளிவதைப் பார்த்துச் சிறுமியாக இருந்தபோதே மயங்கி விழுந்தவள்.

வீட்டில் இருந்தால்தானே கேள்வி கேட்பார்கள் என்று, காலையில் வேலைக்குப் போகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு கிளம்புவாள். கண்ணில் பட்ட டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போவாள். அங்கே கழிப்பறை எங்கே இருக்கிறது, அதில் தண்ணீர் வருகிறதா, நூடுல்ஸ் கிடைக்குமா, மழைக்கு ஒதுங்க இடம் உண்டா, பஸ் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்புவாள். நூலகத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வலைப்பூவில் எழுதுவாள். அதற்குப் பெயர் "கடைசி நிறுத்தம்". சொந்தப் பெயர் போடவில்லை. என் சின்ன மகன் எடுத்துக் காட்டித்தான் நான் படித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிகிற எழுத்து. ஹாச்சோன் கிராமத்து நாய் எந்த டிரைவரைப் பார்த்தால் மட்டும் குரைக்கும் என்பது வரை எழுதியிருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

ஆகஸ்டு மாதக் கடைசியில் புசானில் ஒரு வரைபட நிறுவனம் ஆள் தேடியது. ஊர்ப் படம், பஸ் போகும் தடம் எல்லாம் அச்சடிக்கிற சின்ன இடம். அவர்கள் விளம்பரத்தில் வேடிக்கையாக ஒன்று போட்டிருந்தார்கள்: தன்னைப் பற்றிய கடிதம் வேண்டாம், வலைப்பூ இருந்தால் முகவரி அனுப்புங்கள், பத்து நாள் படித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம்.

சோரோங் அனுப்பினாள். அம்மாவிடம் மட்டும் சொன்னாள், யாரிடமும் மூச்சு விடாதே என்று. தொக்சில் மூச்சு விடவில்லை, போன் போட்டாள். முதல் போன் எனக்கு.

"அண்ணி, நம்ம சோரோங்குக்குப் பரீட்சை!"

"எங்கேடி?"

"வலைப்பூவுல! அதத்தான் பத்து நாளைக்குப் படிச்சுப் பாப்பாங்களாம்."

"அப்போ யோட் எங்க ஒட்டுறது?"

வேறு யாருக்கும் இந்தக் கேள்வி வராது. எங்களுக்கு வராமல் இருக்காது. பிள்ளைகள் பரீட்சை எழுதும் நாளில் பள்ளிக்கூட வாசல் கதவில் யோட் மிட்டாயை அப்பி ஒட்டிவிட்டுத்தான் நாங்கள் வீடு திரும்புவோம். அது பிடித்துக்கொள்கிற மாதிரி பிள்ளையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நம்பிக்கை. வாசலே இல்லாத பரீட்சைக்கு என்ன செய்வது? தொக்சில்தான் வழி சொன்னாள்.

"பரீட்சை அங்கதானே நடக்குது? அங்கயே ஒட்டிடுவோம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, சந்தைக்கு எதிரே பையன்கள் துப்பாக்கி விளையாட்டு விளையாடும் கம்ப்யூட்டர் கடையில், தாக் வீட்டுப் பெண்களும் எங்கள் வீட்டுப் பெண்களுமாக ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்தோம். சாங்கிலும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தார். கடைக்காரர் பாவம், ஒவ்வொருத்தியாகப் பதிவு செய்து கொடுத்தார்.

"அம்மா, ஒரு புனைபேர் சொல்லுங்க."

"எதுக்கு? நான் என்ன திருடியா? சோரோங்கோட அம்மான்னு போடு."

யோட் படத்தைப் பின்னூட்டத்தில் ஒட்டுவது எப்படி என்று ஒருமுறை காட்டினார். அவ்வளவுதான். பதிவுக்குப் பதிவு ஒட்டித் தள்ளினோம். படம் மட்டும் ஒட்டினால் வாசலில் பேசாமல் நின்ற மாதிரி இருக்கிறதே என்று நாலு வார்த்தையும் சேர்த்தோம். "எங்கள் சோரோங் தங்கமான பெண்" என்று நான் எழுதினேன். "ஆறு வயசு வரைக்கும் படுக்கையை நனைத்தாள், அப்புறம் ஒருநாளும் இல்லை" என்று தொக்சில் எழுதினாள். "எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, இல்லாவிட்டால் விலாங்கு வெட்டப் போய்விடுவாள்" என்று அவளுடைய சின்ன ஓரகத்தி எழுதினாள்.

சாங்கில் மட்டும் ஒட்டவில்லை. இருபத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். ஹாச்சோன் பதிவுக்கு வந்ததும் மேசையைத் தட்டினார்.

"பத்து நிமிஷம் நிக்குமா? எவ சொன்னா? ஏழு நிமிஷம்!"

"அண்ணே, இப்ப அதுவா முக்கியம்?" என்றேன்.

"பின்ன எதும்மா முக்கியம்? இத நம்பி ஒருத்தன் நூடுல்ஸ் திங்கப் போனா, பஸ்ஸ விட்டுட்டு நிப்பானே!"

"புலி 33" என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதிவிட்டார்: "தவறு. ஏழு நிமிடம். விசாரிக்காமல் எழுதாதே."

தொக்சில் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். வாயால் சண்டை போடலாம். ஆனால் ஆத்திரத்தில் அவளும் பின்னூட்டத்திலேயே பதில் போட்டாள்: "பெரியத்தான், பிள்ளை வாழ்க்கையில் மண் அள்ளிப் போடாதீர்கள்." அவர் அதற்குப் பதில் போட்டார். இவள் அதற்கு. ஒன்பது பெண்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். எனக்கு அந்தப் பஸ் எங்கே போகும் என்றே தெரியாது. நானும் ஏழு நிமிஷக் கட்சியில் சேர்ந்து மூன்று பின்னூட்டம் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது மொத்தம் இருநூற்றுப் பதினாலு பின்னூட்டம்.

நூலகத்தில் அதைப் பார்த்த சோரோங் போட்ட கூச்சலில் அவளை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அம்மா! அவங்க இதெல்லாம் படிச்சிட்டிருப்பாங்கம்மா! படுக்கைய நனைச்சதயா எழுதுவாங்க?"

"அதான் நிறுத்திட்டேன்னும் எழுதியிருக்கேனேடி!"

"எல்லாத்தயும் அழிச்சிடப் போறேன்."

"அழி. பிள்ளைக்காக ஒட்டின யோட்ட, அந்தப் பிள்ளையே பேத்து எடுத்தா வெளங்கிடும்!" என்று தொக்சில் முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனில் கண்ணைத் துடைத்தாள்.

சோரோங் அழிக்கவில்லை. அம்மா அழுததற்காக இல்லை. அந்த ஏழு நிமிஷம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்ததும் ஹாச்சோன் பஸ்ஸில் ஏறினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி நிறுத்தத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தாள். மறுநாளும் போனாள், அன்றைக்கு மழை. அப்புறம் ஒரு பதிவு போட்டாள்: "நான் எழுதியது தவறு. புலி 33 சொன்னதும் தவறு. ஒன்பது நிமிடம். போன வருடம் அங்கே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், டிரைவர்கள் முகம் கழுவுகிறார்கள்." அதற்குக் கீழே இருநூற்றுப் பதினாலு பேருக்கும், அதாவது எங்கள் பத்துப் பேருக்கும், திரும்பத் திரும்பப் பணிவாக நன்றி சொல்லியிருந்தாள்.

சாங்கில் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பழைய பஸ் நேர அட்டவணைகளைப் புரட்டினார். மூன்றாம் நாள் தாமே ஹாச்சோன் போய் வந்தார். வந்து கதவருகில் நின்றபடி, "ஒம்போதுதான்," என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை எழுபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

சூசோக்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது புசானிலிருந்து கூப்பிட்டார்கள். போனவள் வந்து சொன்னதைத்தான் சொல்கிறேன். மேலாளர் பியோ என்று ஒரு அம்மாள், குட்டை முடி, மேசை நிறையக் காகிதம். இவள் உட்காருவதற்கு முன்பே கேட்டாராம்:

"ஏழா, பத்தா?"

"ஒம்போதுங்க. மழை நாள்ல பதினொண்ணு."

அந்த அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தாராம்.

"இங்க படம் போட யார் வேணா வருவாங்கம்மா. படம் வெளிவந்த மறுநாள்லேருந்து போன் வரும். எங்க ஊரு பாலத்தக் காணோம், எங்க தெருவ வளைச்சுட்டீங்கன்னு திட்டுவாங்க. உனக்கு முன்னால இருந்த பொண்ணு மூணே மாசத்துல அழுதுகிட்டே போயிட்டா. நீ திட்டு வாங்கிட்டு நேராப் போய்ப் பாத்துட்டு வந்தே பாரு, அது போதும். அடுத்த வாரமே வந்துடறியா?"

"வர்றேங்க!"

"இன்னொண்ணு. அந்தப் புலி 33 யாரு?"

"எங்க பெரியப்பா. எந்தத் தப்பப் பாத்தாலும் எழுதிடுவாரு. மன்னிச்சுக்கணும்."

"எதுக்கு மன்னிப்பு? ஜின்ஜு படத்த அவருக்கும் ஒண்ணு அனுப்பறேன். பாத்துத் திட்டச் சொல்லு."

பஸ் நிலையத்திலிருந்தே வீட்டுக்குப் போன் செய்தாள். தொக்சில் போனைத் தரையில் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். பியோங்ஜு அதை எடுத்து, மகள் இன்னும் பேசிக்கொண்டிருப்பது தெரியாமல், "நல்லது, ரொம்ப நல்லதுங்க, நன்றிங்க," என்று மேலாளரிடம் பேசுவதாக நினைத்துக் குனிந்து குனிந்து வணங்கினான். அந்தச் சூசோக்குக்கு மலைமேல் இருக்கும் முன்னோர் சமாதிகளில் படையல் முடித்து இறங்குகிற வழியெல்லாம், சாங்கில் புது ஜின்ஜு படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, சிவப்பு மையால் வட்டம் போட்டபடியே நடந்து, இரண்டு தடவை பள்ளத்தில் கால் விட்டார்.

சோரோங்குக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. புசானில் அதே நிறுவனத்தில் பஸ் தடங்களின் பிரிவுக்குத் தலைவியாக இருக்கிறாள்.